பெரிய ட்ரக் கராஜுக்கு விறகு பாய்லர்: மைனஸ் 30-இல் உண்மையில் எவ்வளவு சூடு வேண்டும்?

நெடுஞ்சாலை17 | அக்டோபர் 9

வணக்கம். கனடாவின் ஒன்டாரியோவில், சட்பரிக்கும் சூ செயின்ட் மரிக்கும் நடுவே, 17ஆம் நெடுஞ்சாலை ஓரத்தில் நானும் மச்சானும் ஒரு ட்ரக் கராஜ் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. 60 அடிக்கு 80 அடி, உயரம் 18 அடி, 14 அடிக் கதவுகள் நான்கு. பகலில் திருத்த வேலை. குளிர்காலத்தில் பனி வழிக்கிற ட்ரக் இரண்டு வந்து இரவில் உள்ளே நிற்கும்.

இப்போது கூரையில் தொங்குகிற இரண்டு புரொப்பேன் ஹீட்டர்கள்தான் சூடு தருகின்றன. போன ஜனவரியில் மட்டும் 5,000 லிட்டருக்கு மேல் எரிந்தது. அவ்வளவு எரிந்தும், வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்தால் முதுகு விறைக்கிறது. ஏணி போட்டு கேபின் கூரைக்கு ஏறினால் வியர்க்கிறது.

நிலத்தோடு 40 ஏக்கர் காடும் சேர்ந்து வந்தது. பேர்ச், மேப்பிள், கொஞ்சம் பாப்ளர். விறகு பாய்லர் போடலாம் என்று யோசிக்கிறோம். விற்பனையாளர் ஒருவர் கட்டிடத்தை வந்து பார்க்காமலே "150 கிலோவாட் எடுங்கள், பயமில்லாமல் இருக்கலாம்" என்கிறார். விலையைக் கேட்டுத்தான் எனக்குப் பயம் வந்தது.

இன்னொரு விஷயம். கிழக்கு மூலையில் தரையிலிருந்து பிளாஸ்டிக் குழாய் முனைகள் 32 நீட்டிக்கொண்டு நிற்கின்றன, எல்லாவற்றிலும் டேப் சுற்றியிருக்கிறது. பழைய உரிமையாளர் தரைச் சூட்டுக்குக் குழாய் போட்டுவிட்டு இணைக்காமலே விட்டாராம். அதைப் பயன்படுத்த முடியுமா?

---

பனிவண்டி | அக்டோபர் 9

டிம்மின்ஸ் பக்கம் எனக்கு 40க்கு 60 கராஜ். வெளியே தனியாக வைக்கிற விறகு பாய்லர், ஒன்பது குளிர்காலம் ஆகிவிட்டது. காலையில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை போட்டால் போதும். இரண்டடிக் கட்டையைப் பிளக்காமல் அப்படியே உள்ளே தள்ளலாம். நெருப்பு கட்டிடத்துக்கு வெளியே இருக்கிறது, அது மனதுக்கு நிம்மதி. புயல் நாளில் பனி வழிக்கப் போனால் பதினெட்டு மணி நேரம் கழித்துத்தான் திரும்புவேன். எனக்கு அந்த வசதி முக்கியம்.

ஒன்றே ஒன்று சொல்கிறேன், பாய்லரிலிருந்து கராஜுக்குப் போகிற நிலத்தடிக் குழாயில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். நான் முதலில் போட்டது மலிவான குழாய், சுற்றிலும் வெள்ளிக் காகிதம் மாதிரி ஒன்றைச் சுருட்டி மேலே நெளிவுக் குழாய் மாட்டியது. 120 அடி. முதல் ஜனவரியில் வெளியே வந்து பார்த்தால் முற்றம் முழுக்க இரண்டடிப் பனி; பாய்லரிலிருந்து சுவர் வரை மட்டும் நேர்கோட்டில் கறுப்பு மண், அதில் பச்சைப் புல் வேறு. உள்ளே நிலத்து ஈரம் போய் ஊறிவிட்டிருந்தது. நிமிடத்துக்கு 40 லிட்டர் தண்ணீர் ஓடுகிறது, போகும்போதே மூன்று டிகிரி இறங்குகிறது.

---

கொல்லன்மகன் | அக்டோபர் 10

மூன்று டிகிரி சின்னதாகத் தெரியும் அண்ணா, ஆனால் அந்த ஓட்டத்துக்கு அது 8 கிலோவாட்டுக்கு மேல். எட்டு ஒரு-கிலோவாட் ஹீட்டரை மண்ணுக்குள் புதைத்து இரவும் பகலும் ஓடவிட்ட மாதிரி.

நெடுஞ்சாலை17 தம்பி, நான் வின்னிபெக் பக்கம் 22 வருடமாகச் சுடுநீர்க் குழாய் வேலை செய்கிறேன். பாய்லர் பேச்சைக் கொஞ்சம் ஒதுக்கிவையுங்கள். கராஜுக்கு எத்தனை கிலோவாட் என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது கதவைப் பற்றித்தான்.

நீங்கள் தந்த அளவுகளை ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். உள்ளே 13 டிகிரி, வெளியே மைனஸ் 32, வித்தியாசம் 45. சுவரில் ஆர்-20 காப்பும் கூரையில் ஆர்-40 காப்பும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம் (ஆர் என்பது சூடு வெளியேறாமல் தடுக்கிற அளவு, எண் கூடினால் காப்பு கூடும்). சுவர் வழியாகப் போவது 5 கிலோவாட். கூரை வழியாக 3. மூடிய கதவுப் பலகைகள் வழியாக இரண்டரை. தரை ஓரத்தில் ஒரு 3. எல்லாம் சேர்த்தாலும் 14 தேறாது. 150 எங்கே, 14 எங்கே?

மீதி காற்றில் போகிறது. உங்கள் கட்டிடத்துக்குள் ஏறக்குறைய 2,450 கன மீட்டர் காற்று இருக்கிறது. அது மணிக்கு ஒரு தடவை முழுக்க மாறினால், புதிதாக வருகிற காற்றைச் சூடாக்க மட்டும் 36 கிலோவாட் வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று குறைத்தால் 18 போதும். பழைய கராஜில் மணிக்கு ஒன்று என்பது சாதாரணமாக நடக்கிறது: கதவின் அடி ரப்பர் ட்ரக் ஏறி ஏறி கிழிந்திருக்கும், பக்க ரப்பர் குளிரில் இறுகிப் பலகையைத் தொடாமல் நிற்கும், கதவும் தரையும் சேருகிற இடத்தில் கான்கிரீட் உடைந்து கை நுழைகிற பள்ளம் இருக்கும். இரவில் வெளியே ஒரு வண்டியின் விளக்கைப் போட்டுவிட்டு, உள்ளே எல்லா விளக்கையும் அணைத்துப் பாருங்கள். வெளிச்சம் வருகிற இடமெல்லாம் உங்கள் புரொப்பேன் போகிற இடம்.

இனி யாரும் கணக்கில் சேர்க்காத ஒன்று. 15 டன் ட்ரக் மைனஸ் 30-இல் நின்றுவிட்டு உள்ளே வருகிறது. அந்த இரும்பு 10 டிகிரிக்கு வர 80 யூனிட் சூடு குடிக்கும் (கரண்டு பில்லில் வருகிற அதே யூனிட்தான்). அடியிலும் பெட்டியிலும் அரை டன் பனியும் ஐஸும் ஒட்டியிருந்தால், அது உருகித் தண்ணீராக இன்னும் 55. ஒரே ட்ரக் 135 யூனிட்! கட்டிடத்துக் காற்று முழுவதும் கிட்டத்தட்ட நான்கு தடவை வெளியே போனதற்குச் சமம். இரவில் இரண்டு ட்ரக் நிற்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு நாளைக்குச் சராசரியாகப் பிரித்தால் அதுவே 11 கிலோவாட்.

ஆக, கதவைச் சரிசெய்தால் மிக மோசமான நாளிலும் 43 கிலோவாட் பக்கம். சூட்டைச் சேமித்து வைக்க நல்ல சுடுநீர்த் தொட்டியோடு 60 கிலோவாட் பாய்லர் தாராளம். கதவை அப்படியே விட்டால் 61. அப்போதும் 150 தேவையில்லை. அளவுக்கு மிஞ்சிய பாய்லர் பாதி நேரம் காற்றை மூடிக்கொண்டு புகைந்தபடியே கிடக்கும், உள்ளே தார் பூசிக்கொள்ளும்.

தரைக் குழாய் பற்றி அடுத்ததில் எழுதுகிறேன். அதற்குள் நீங்கள் இரண்டு வேலை செய்யுங்கள். கட்டிட ஓரத்தில் ஒரு குழி தோண்டி, கான்கிரீட்டுக்கு அடியில் ஃபோம் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். குழாயின் மேல் அச்சிட்டிருக்கிற எழுத்தையும் படித்துச் சொல்லுங்கள்.

---

நெடுஞ்சாலை17 | அக்டோபர் 14

அண்ணை, மிக்க நன்றி. வெளிச்சம் வைத்துப் பார்த்தோம். மூன்றாவது கதவின் வலது மூலையில் என் கை மணிக்கட்டு வரை வெளியே போகிறது. இரண்டு வருடமாக அந்தக் கதவைத் தினமும் திறந்து மூடுகிறோம், கண்ணில் படவே இல்லை.

தெற்குப் பக்கம் தோண்டினோம். ஆறு அங்குலக் கான்கிரீட், அதற்குக் கீழே இரண்டு அங்குல நீல நிறப் பலகை, விரலால் அழுத்தினால் அமுங்கவில்லை. அடித்தளச் சுவரின் ஓரத்திலும் அதே பலகை இரண்டடி ஆழத்துக்கு இறங்குகிறது. குழாயில் அரை அங்குல பெக்ஸ் (சுடுநீர் தாங்குகிற பிளாஸ்டிக்) என்றும் ஆக்சிஜன் தடுப்பு உள்ளது என்றும் இருக்கிறது.

---

கொல்லன்மகன் | அக்டோபர் 15

தம்பி, அந்தப் பழைய உரிமையாளர் உங்களுக்குப் பெரிய சொத்தைத் தரைக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். தரைக்கு அடியில் காப்பு இல்லாமல் குழாயில் சுடுநீர் விட்டால் பூமியைத்தான் சூடாக்குவோம். அதுவும் ட்ரக் ஏறுகிற தரைக்கு அமுங்காத பலகை வேண்டும். இரண்டுமே இருக்கிறது. ஆக்சிஜன் தடுப்பும் இருக்கிறது என்றால் பாய்லரும் பம்பும் துருப்பிடிக்கிற கவலையும் குறைவு.

32 முனை என்றால் 16 சுற்று. ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் காற்றழுத்தம் ஏற்றிச் சோதியுங்கள், இரவு முழுக்க விடுங்கள். காலையில் வெயில் பட்டு அறை சூடேறினால் முள் கொஞ்சம் ஏறும், குளிர்ந்தால் இறங்கும். அதைக் கசிவு என்று நினைத்துப் பயப்பட வேண்டாம்.

உங்கள் ஏணி விவகாரத்துக்கு வருகிறேன். தொங்கு ஹீட்டர் காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று மேலே போய்க் கூரையில் நிற்கிறது. கதவைத் திறந்ததும் முதலில் ஓடிப்போவதும் அதுதான். தரையில் சூடு இருந்தால் கதை வேறு. உங்கள் கான்கிரீட் சுமார் 160 டன். அது ஒரு டிகிரி ஏறினால் 39 யூனிட் உள்ளே தங்கியிருக்கிறது. கதவைப் பத்து நிமிடம் திறந்து வைத்து எல்லாக் காற்றும் போனாலும் இழப்பு 36 யூனிட், தரையில் ஒரு டிகிரிகூட இல்லை. கதவை மூடிய கால் மணியில் அறை பழைய நிலைக்குத் திரும்புவது அதனால்தான். அடியில் படுக்கிறவனுக்கு முதுகில் சூடு, ஏறுகிறவனுக்கு வியர்வை இல்லை.

அந்தக் கனமே ஒரு தொல்லையும் தரும். இரவில் குறைத்து காலையில் கூட்டுவது என்ற பழக்கத்தை விட்டுவிட வேண்டும். காலையில் கூட்டினால் மதியம்தான் தெரியும், மாலையில் தேவைக்கு மேல் ஏறி நிற்கும். ஒரே அளவில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள்.

அப்புறம் தொட்டி. தரைக்குப் போகிற தண்ணீர் 40 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தால் போதும். 4,000 லிட்டர் தொட்டியை 85 டிகிரிக்கு ஏற்றினால், 38-க்கு இறங்கும் வரை எடுக்கலாம்: 218 யூனிட். அதே தொட்டியைக் கூரை ஹீட்டருக்குக் கொடுத்தால் 65-க்குக் கீழே அந்த ஹீட்டர் குளிர்காற்றுதான் ஊதும். ஆகவே 93 யூனிட்தான் கிடைக்கும். தொட்டி ஒன்றுதான். தரை அதிலிருந்து இரண்டு மடங்குக்கும் மேல் கறந்துவிடுகிறது.

தொட்டி இருந்தால் பாய்லரை முழு வேகத்தில் எரிக்கலாம். மூடி வைத்துப் புகையவிட வேண்டிய அவசியமே இல்லை. நெருப்பு கொழுந்துவிட்டு எரிந்து முடியட்டும், சூடு தொட்டியில் காத்திருக்கட்டும்.

---

பனிவண்டி | அக்டோபர் 15

இதில் எனக்கு உடன்பாடில்லை, அண்ணை. நீங்கள் சொல்கிற வகைப் பாய்லருக்கு விறகைச் சின்னதாகப் பிளக்க வேண்டும், இரண்டு வருடம் காய வைக்க வேண்டும், மைனஸ் 35 நாளில் மூன்று நான்கு தடவை போட வேண்டும். தனி ஆளாக ஓடுகிறவனுக்கு அது எப்படி முடியும்? என் பாய்லர் புகைகிறது என்பது உண்மை. ஆனால் பக்கத்து வீடு அரை மைலுக்கு அப்பால். ஒன்பது வருடத்தில் ஒரு நாள்கூடக் கராஜ் உறையவில்லை.

---

கொல்லன்மகன் | அக்டோபர் 16

உங்கள் நிலைமையில் அது நியாயம்தான், அண்ணா. உங்கள் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன், ஒரு குளிர்காலத்துக்கு எத்தனை புஷ் கார்ட் (விறகை அளக்கிற அளவு) எரிக்கிறீர்கள்?

---

பனிவண்டி | அக்டோபர் 16

முப்பதுக்கு மேல். பாதி பாப்ளர். வெட்டிய வருடமே எரிக்கிறேன்.

---

கொல்லன்மகன் | அக்டோபர் 16

அங்கேதான் இருக்கிறது. ஊரில் அடுப்பு மூட்டிய எல்லோருக்கும் தெரியும், பச்சை விறகு நுனியில் நுரை தள்ளி அழும். அந்தத் தண்ணீரை ஆவியாக்கத்தான் முதல் சூடு போகிறது. 20 சதவீத ஈரம் உள்ள விறகில் கிலோவுக்கு 4 யூனிட் இருக்கும். பாதிக்குப் பாதி தண்ணீர் என்றால் இரண்டேகால்கூடத் தேறாது. பச்சையாக இரண்டு கிலோ சுமந்து, காய்ந்த ஒரு கிலோ விறகின் சூட்டைத்தான் எடுக்கிறீர்கள், அவ்வளவையும் சுமப்பதும் நீங்கள்தான். பிளக்க நேரமில்லை என்கிறீர்கள். முப்பதில் பத்துப் பன்னிரண்டு கார்டை வெட்டாமல், இழுக்காமல், ஏற்றாமல் இருந்தால் மிச்சமாகிற நேரத்தில் மீதியைப் பிளந்துவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நெடுஞ்சாலை17 தம்பி இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கதவைச் சரிசெய்த பிறகும் சராசரி ஜனவரி நாளுக்கு உங்களுக்கு 650 யூனிட் பக்கம் வேண்டும். காய்ந்த விறகு, நல்ல பாய்லர் என்றால் நாளுக்கு 220 கிலோ. மைனஸ் 32 நாளில் 340 கிலோ. கையால் தூக்கி, கையால் அடுக்கி, கையால் போடுகிற 340 கிலோ. வீட்டில் மனைவி பிள்ளைகளோடும் இதைப் பேசிவிட்டு முடிவு செய்யுங்கள்.

விறகு வாங்க நேர்ந்தால் ஒரு வார்த்தை. புஷ் கார்ட் என்பது நாலடிக்கு நாலடிக்கு எட்டடி, 128 கன அடி. ஃபேஸ் கார்ட் என்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு, 16 அங்குலக் கட்டையின் ஒரே வரிசை. வெறுமனே "கார்ட்" என்று விலை சொன்னால், எந்தக் கார்ட் என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

---

எல்வெரும்_அக்கா | அக்டோபர் 18

நோர்வேயிலிருந்து எழுதுகிறேன். 1989-இல் ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலைக்கு வந்து இறங்கினேன். பிறகு தெற்கே வந்து, இப்போது காடு சூழ்ந்த உள்நாட்டில் ஒரு பஸ் டிப்போவின் பராமரிப்பில் வேலை. இங்கேயும் மைனஸ் 30 வரும். கட்டிடங்களை எண்ணெய் எரித்துச் சூடாக்குவதை 2020 ஜனவரி 1 முதல் நாடு முழுக்கத் தடை செய்துவிட்டார்கள். அதற்கு முன்பே எங்கள் டிப்போ மரச்சீவல் பாய்லருக்கு மாறிவிட்டது.

கொல்லன்மகன் தம்பி ட்ரக்கின் பனியைப் பற்றி எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். எங்களுக்கு அதைப் புரிந்துகொள்ள மூன்று குளிர்காலம் ஆயிற்று. உருகிய தண்ணீர் தரையில் குளமாக நின்றால் கதை அதோடு முடிவதில்லை. சூடான தரை அதை ஆவியாக்கும். 100 லிட்டர் ஆவியாக 68 யூனிட் போகும். அந்த ஆவி கூரையில் போய்ச் சொட்டும், விளக்குக் கம்பியில் துரு, கருவிப் பெட்டியில் துரு. சாலை உப்பு கலந்த தண்ணீர் வேறு.

நாங்கள் செய்தது ரொம்பச் சின்ன வேலை. கதவுக்கு வெளியே கூரை போட்ட ஒரு இடம், அங்கே நின்று ஓட்டுநரே பிளாஸ்டிக் மண்வெட்டியாலும் துடைப்பத்தாலும் சக்கர வளைவு, படிக்கட்டு, அடிப்பக்கம் மூன்றையும் தட்டிவிடுவார். ஐந்து நிமிடம். உள்ளே வந்த பஸ்ஸின் கீழே ஒரு மணி நேரத்தில் குளம் கட்டும், அதை நீளக் கைப்பிடி ரப்பர் தள்ளியால் வடிகாலுக்குத் தள்ளிவிடுவோம். இரவுப் பணியில் இருக்கிறவருக்கு இதுதான் முதல் கடமை. வடிகாலுக்கு அப்புறம் எண்ணெய் பிரிப்பான் கட்டாயம் இருக்க வேண்டும். அதைத் திறந்து பார்க்கிற வழக்கமும் இருக்க வேண்டும்.

பனிவண்டித் தம்பிக்கு: தனி ஆள் என்றால் சீவலை யோசிக்கலாம். இயந்திரத் திருகு ஒன்று சீவலைத் தானாக எடுத்து நெருப்பில் போடும், நீங்கள் பதினெட்டு மணி நேரம் வெளியே இருந்தாலும் எரியும். ஆனால் சீவல் ஈரமாக இருந்தால் கொட்டகையிலேயே உறைந்து பாறை மாதிரி கட்டியாகிவிடும். ஒரு பிப்ரவரி இரவு கடப்பாரையால் அதை உடைத்துக்கொண்டு நின்றோம், நானும் இன்னொருவரும். அதற்குப் பிறகு ஈரத்தை அளக்காமல் ஒரு லோடும் இறக்கியதில்லை.

---

மிசிசாகா_தரகர் | அக்டோபர் 20

காப்புறுதித் தொழிலில் இருக்கிறேன். விறகு அடுப்பையோ பாய்லரையோ ட்ரக் நிற்கிற அறைக்குள் வைப்பதை மறந்துவிடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போய் நெருப்பைத் தொடும். திருத்த வேலை நடக்கிற கராஜ் என்றால் பெரும்பாலான நிறுவனங்கள் பாலிசியே தராது. தனிக் கொட்டகையில் வையுங்கள், கராஜிலிருந்து தள்ளி.

கனடாவில் இதற்கான நிறுவல் விதி சிஎஸ்ஏ பி365. போட்ட பிறகு வெட் (WETT, விறகு அடுப்பு, பாய்லர் வேலைக்கான பயிற்சி) சான்று பெற்ற பரிசோதகரை அழைத்து அறிக்கை வாங்குங்கள். வாங்குவதற்கு முன்பே உங்கள் தரகரிடம் எழுத்தில் கேளுங்கள். முன்பே சொல்லியிருக்கலாமே என்று எத்தனையோ பேரிடம் நான் வருத்தப்பட்டிருக்கிறேன். இன்னும் ஒன்று, ஆள் இல்லாவிட்டாலும் தானாக இயங்குகிற சூடு ஒன்று இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். உங்கள் புரொப்பேனைக் கழற்றிவிடாதீர்கள்.

---

ஸ்பானர்_சட்பரி | அக்டோபர் 20

கழிவு எஞ்சின் எண்ணெய் பீப்பாய் பீப்பாயாகச் சேர்கிறது. அதைக் கொஞ்சம் விறகின் மேல் ஊற்றினால் என்ன?

---

கொல்லன்மகன் | அக்டோபர் 20

வேண்டவே வேண்டாம், தம்பி. விறகுக்கான அறை அந்தச் சூட்டுக்குக் கட்டப்பட்டதல்ல, நெருப்பு கட்டுக்கு அடங்காமல் போகும். புகையில் எஞ்சினின் உலோகத் தூள் எல்லாம் வரும், அது நீங்களும் பிள்ளைகளும் சுவாசிக்கிற காற்று. கழிவு எண்ணெய்க்கென்றே சான்று பெற்ற ஹீட்டர் தனியாக இருக்கிறது. இல்லாவிட்டால் எடுத்துப்போகிற வண்டிக்குக் கொடுத்துவிடுங்கள்.

---

நெடுஞ்சாலை17 | அக்டோபர் 23

16 சுற்றில் 15 நிற்கிறது. ஒன்று மட்டும் அழுத்தம் இறங்கிவிட்டது. இரண்டாவது கதவுக்கு அருகே யாரோ தரையில் துளை போட்டு ஆணி இறக்கியிருக்கிறார்கள், அதுவாக இருக்கலாம். அந்தச் சுற்றை விட்டுவிடலாமா?

கரண்டு போனால் என்ன ஆகும் என்பதும் எனக்குப் பயமாக இருக்கிறது. இங்கே ஐஸ் மழை வந்தால் பத்து மணி நேரம் இருட்டுதான்.

---

கொல்லன்மகன் | அக்டோபர் 24

ஆணி இறங்கிய இடம் தெரிந்தால் அங்கே மட்டும் உடைத்து ஒட்டலாம், அதற்கென்று இணைப்பு இருக்கிறது. கதவுக்குப் பக்கத்துச் சுற்று என்றால் கட்டாயம் சரிசெய்யுங்கள், அதிகம் குளிர்கிற இடமே அதுதான். கதவுப் பக்கத்துச் சுற்றுகளில் தண்ணீரோடு கிளைகோல் (உறையாமல் காக்கிற திரவம்) கலப்பது நல்லது. புரொப்பிலீன் வகை, பாதிக்குப் பாதி என்றால் மைனஸ் 30 தாண்டியும் உறையாது. அது தண்ணீரைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் சூட்டைச் சுமக்கும், பம்பைப் பார்த்து எடுங்கள்.

கரண்டு கேள்வி நல்ல கேள்வி. எரிவாயு என்றால் கரண்டு போன நொடியில் நெருப்பு அணைந்துவிடும். விறகு அணையாது. நாற்பது கிலோ தணல் உள்ளே இருக்கிறது, பம்ப் நின்றுவிட்டது, சூடு எங்கே போகும்?

2011 குளிர்காலத்தில் ஒரு பண்ணைக் கராஜுக்குப் போனேன். வேறொருவர் போட்ட பாய்லர். பாதுகாப்பு வால்வு சொட்டுகிறது என்று வீட்டுக்காரரே அதில் மூடி போட்டுத் திருகியிருந்தார். நல்ல மனிதர், தரை நனையக் கூடாது என்றுதான் செய்தார். என் கண் முன்னால் அழுத்தமானியின் முள் சிவப்பைத் தாண்டி நின்றது. கையில் இருந்த தொப்பியைப் போட்டுவிட்டு அவரை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். அடுப்புக் கதவு மூடியிருந்ததால் நெருப்பு தணிந்து, கடைசியில் ஒரு இணைப்பு மட்டும் பிய்ந்து ஆவி பீறிட்டது. சுவரின் ஒரு பக்கம் முழுக்க நனைந்து, அடுத்த அரை மணியில் ஐஸாகி நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தச் சத்தத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை குளிர்கிறது.

ஆகவே வால்வைத் தொடாதீர்கள், சொட்டினால் மாற்றுங்கள். பாய்லரைவிட உயரத்தில் ஒரு துடுப்புக் குழாயை (சூட்டை வெளியே விட உலோகத் தகடுகள் பொருத்திய குழாய்) வைத்து, கரண்டு போனால் தானாகத் திறக்கிற வால்வோடு இணையுங்கள். சூடான நீர் தானே மேலேறி, குளிர்ந்து, தானே இறங்கும், பம்ப் வேண்டாம். அதோடு பேட்டரியும் இன்வெர்ட்டரும். சுழற்சி பம்ப் 100 வாட் என்றால் எட்டு மணி நேரத்துக்கு ஒரு யூனிட்கூட ஆகாது.

இன்னொன்று மறந்துவிட்டேன். பாய்லருக்குத் திரும்பி வருகிற நீர் 55, 60 டிகிரிக்குக் கீழே இருக்கக் கூடாது. தரையிலிருந்து வருவதோ 30. அதை நேராக விட்டால் பாய்லரின் உள்சுவர் வியர்த்து, புகை அதில் ஒட்டிப் பிசினாகி, இரும்பை அரித்துவிடும். கலவை வால்வு ஒன்று அதைத் தடுக்கும். ஐந்தாறு வருடத்தில் ஓட்டையான பாய்லர் நிறையப் பார்த்திருக்கிறேன், அந்த வால்வு பல இடத்தில் இல்லை.

---

எல்வெரும்_அக்கா | அக்டோபர் 24

சாம்பலையும் சொல்லிவிடுகிறேன். மேலே குளிர்ந்து கிடக்கும், நடுவில் தணல் இரண்டு மூன்று நாள் உயிரோடு இருக்கும். மூடி உள்ள இரும்பு வாளி, வெளியே, மரத்தளத்தில் இல்லாமல் கான்கிரீட்டில். காட்போட் பெட்டி வேண்டவே வேண்டாம், தம்பி.

---

நெடுஞ்சாலை17 | பிப்ரவரி 11

தாமதத்துக்கு மன்னியுங்கள். நடந்ததை எழுதுகிறேன்.

விறகு பாய்லரை இந்தக் குளிர்காலம் வாங்கவில்லை. அக்டோபரில் வெட்டியதை ஜனவரியில் எரித்தால் பனிவண்டி அண்ணை மாதிரி முப்பது கார்ட் சுமக்க வேண்டும் என்பது கணக்குப் போட்டதும் தெரிந்தது. எப்படியும் மாற்றுச் சூடு ஒன்று வேண்டும் என்று தரகர் சொன்னதால், சின்னப் புரொப்பேன் பாய்லரை முதலில் போட்டுத் தரையை இணைத்தோம். ஆணி இறங்கிய சுற்றை மச்சான் உடைத்து ஒட்டினார். நான்கு கதவுக்கும் புது ரப்பர், மூன்றாவது கதவடியில் கான்கிரீட் பூசி மட்டமாக்கினோம். வெளியே தகரக் கூரை ஒன்று, கீழே இரண்டு துடைப்பம், ஒரு பிளாஸ்டிக் மண்வெட்டி. அக்கா சொன்னதுபோல ஓட்டுநர்களே தட்டிவிடுகிறார்கள். முதல் வாரம் முணுமுணுத்தார்கள். இப்போது உள்ளே தரை காய்ந்திருப்பதைப் பார்த்து ஒருவரை ஒருவர் நினைவூட்டிக்கொள்கிறார்கள்.

தரை சூடேற நான்கு நாள் பிடித்தது. மூன்றாம் நாள் "ஒன்றுமே ஆகவில்லை" என்று பயந்து அண்ணைக்குத் தனிமடல் போட்டேன், பொறுமையாகப் பதில் எழுதினார். ஐந்தாம் நாள் காலை வெறுங்கையைத் தரையில் வைத்தேன். ஊரில் மதிய வெயில் இறங்கிய பிறகு முற்றத்துச் சீமெந்து இருக்குமே, அந்தச் சூடு.

ஜனவரிக்கு 3,100 லிட்டர். போன ஜனவரியைவிட 1,900-க்கு மேல் குறைவு, இன்னும் ஒரு விறகுகூட எரிக்காமலே.

பேர்ச்சைப் பிளந்து அடுக்க ஆரம்பித்துவிட்டோம். அண்ணை சொல்லித்தான் தெரிந்தது, பேர்ச் பட்டை ஈரத்தை விடாது, முழுக்கட்டையாக வைத்தால் உள்ளேயே உளுத்துவிடும். இதுவரை 11 புஷ் கார்ட், தெற்கு பார்த்த வரிசை, மேலே மட்டும் தகரம். நேற்று ஒரு கட்டையை நடுவில் பிளந்து ஈரம் அளந்தேன், 36 சதவீதம்.

மே மாதம் மண் இளகியதும் பாய்லர் கொட்டகைக்குக் கான்கிரீட் போட வேண்டும். கராஜின் வடக்குச் சுவரிலிருந்து 60 அடி தள்ளி இடம் குறித்திருக்கிறேன். இங்கே மேற்கிலிருந்துதான் அதிகம் காற்று. புகை கதவுப் பக்கம் வராமலிருக்க, அந்த இடத்தைக் கிழக்கே இன்னும் நகர்த்தவா? குழாய் நீளம் 85 அடி ஆகிவிடும். பனிவண்டி அண்ணை, நீங்கள் இரண்டாம் தடவை போட்ட குழாயில் இறக்கம் எவ்வளவு?

---

பனிவண்டி | பிப்ரவரி 11

ஃபோம் நிரப்பிய குழாய், அதே 120 அடி. அரை டிகிரிகூட இறங்குவதில்லை, மேலே பனி அப்படியே கிடக்கிறது. 85 அடிக்குப் பயப்படாமல் கிழக்கே நகர்த்துங்கள், தம்பி.

நானும் இந்த மாதம் ஒரு விறகு பிளப்பான் வாங்கியிருக்கிறேன். ஐந்து கார்ட் பிளந்து அடுக்கிவிட்டேன். கொல்லன்மகன் அண்ணை, என் பழைய பாய்லருக்கே பக்கத்தில் ஒரு தொட்டி வைக்க முடியுமா? திறந்த வகை, அழுத்தம் இல்லாதது. அளவுகளை நாளை காலை அளந்து எழுதுகிறேன்.